அங்கமுத்து மாமாவுக்கு ஒரு வேட்டைக் கத்தி

பிப்ரவரி 16, ஞாயிறு

மறுவாழ்வு இல்லத்திலிருந்து கிளம்பும்போது இந்த நோட்டைக் கையில் கொடுத்து, தினமும் நாலு வரியாவது எழுது என்றார்கள். குடியை விட்டவனுக்குக் கை சும்மா இருக்கக் கூடாதாம். மூன்று வாரமாக நோட்டு தலையணைக்கு அடியில்தான் கிடந்தது. லோரிப் பட்டறையில் ஸ்பிரிங் மாட்டுகிறவனுக்கு எழுத என்ன இருக்கிறது? எழுந்தேன், நட்டுக் கழற்றினேன், நட்டு மாட்டினேன், குடிக்கவில்லை, படுத்தேன். அவ்வளவுதான்.

இன்று எழுத ஒன்று இருக்கிறது.

அங்கமுத்து மாமா வந்திருந்தார். எல்லா ஞாயிறும் எங்கள் வீடு இருக்கும் பீடோரிலிருந்து இங்கே தாப்பாவுக்கு மோட்டார் சைக்கிளில் வந்துவிடுகிறார். அவர் என் அம்மாவின் தம்பி. என் மனைவி லீலாவுக்கு அப்பா. எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு அவர்தான். இந்த வேலையும், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் இந்த அறையும் அவர் பட்டறை முதலாளியான தவுக்கேயிடம் பேசி வாங்கிக் கொடுத்தவை. இல்லத்தில் இருந்த மூன்று மாதமும் என்னைப் பார்க்க வந்தவர் அவர் ஒருவர்தான். லீலா வரவில்லை. மகள் யஷ்வினியும் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு.

பேச்சுவாக்கில், போன வாரம் செம்பனைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்கியதாகச் சொன்னார். இளங்கன்றுகளைத் தோண்டிப் போட்டுவிட்டதாம். துப்பாக்கி உரிமம் உள்ள அவருடைய கூட்டாளி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மாமா போகவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பன்றி விழுந்ததும் அறுத்துப் பங்கு போடுகிறவர் மாமாதான். அவர் போட்ட பங்கில் இதுவரை யாருக்கும் மனக்குறை வந்ததில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"கத்தி இல்லையேடா" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

மாமாவின் வேட்டைக் கத்தி போன தீபாவளியோடு, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கும் ஈயக்குட்டையில் விழுந்துவிட்டது. இருபது வருடம் வைத்திருந்த கத்தி. அவர் போன பிறகும் அந்தச் சிரிப்பு என்னைவிட்டுப் போகவில்லை. நானே ஒரு கத்தி செய்து கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். சித்திரை பிறப்பதற்குள் முடிக்க வேண்டும். மாமா அதை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டால் போதும், வீட்டுக்குத் திரும்ப எனக்கு ஒரு வழி திறக்கும் என்று தோன்றுகிறது.


பிப்ரவரி 18, செவ்வாய்

உடைந்த ஸ்பிரிங் பட்டைகள் பட்டறை மூலையில் குவியலாகக் கிடக்கின்றன. பத்து டன் தாங்கிய இரும்பு. கத்திக்கு இதைவிட நல்ல இரும்பு கடையில் கிடைக்காது. கையகலத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஹெங் தவுக்கேயிடம் கேட்டேன். எதற்கு என்றார். மாமாவுக்கு வேட்டைக் கத்தி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒரு போன் செய்ய வேண்டும் என்று உள்ளே போய் வந்தார். பிறகு, எடுத்துக்கொள், ஆனால் வேலையைப் பட்டறை முன்பக்கத்தில், எல்லாரும் பார்க்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும், அறைக்குள் கொண்டுபோகக் கூடாது என்றார்.

தீப்பிடித்துவிடும் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. நல்ல மனிதர். என் இரும்புத் துண்டைத் தன் மேசை இழுப்பறையிலேயே பூட்டி வைத்துக்கொள்கிறார்.


பிப்ரவரி 21, வெள்ளி

கை நடுங்குகிறது. சுண்ணாம்புக் கட்டியால் ஒரு நேர்கோடு போட முடியவில்லை. ஏழு தடவை அழித்தேன்.


பிப்ரவரி 23, ஞாயிறு

மாமாவின் கையளவு வேண்டும். நேராகக் கேட்டால் விஷயம் உடைந்துவிடும். லோரி உடம்பில் ஓட்டை அடைக்கிற, களிமண் போன்ற பட்டியை உருட்டி ஒரு குச்சியில் சுற்றி வைத்திருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததும், இதைக் கொஞ்சம் இறுக்கிப் பிடியுங்கள் மாமா, கை கழுவிவிட்டு வருகிறேன் என்று கொடுத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னடா இது, என்னைக் கொழுக்கட்டை புடிக்கச் சொல்ற?"

நாலு விரலும் பெருவிரலும் அச்சாக விழுந்திருந்தன. மாமாவின் சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்தது. அதுகூடப் பதிந்திருந்தது. அவர் போன பிறகு அதை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கை அந்தப் பள்ளங்களில் பொருந்தவில்லை. அவர் கை பெரிய கை.

சாப்பாடு கொண்டுவந்திருந்தார். லீலா சமைத்ததா என்று கேட்டேன். ஆமா என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு. சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு. கத்தரிக்காய் வேகவே இல்லை. பதினாறு வருடம் லீலாவின் கையால் சாப்பிட்டவன் நான். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது, சமைக்கவும் வராது. அறுபத்தாறு வயதில் எனக்காக இரண்டையும் செய்கிறார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.


மார்ச் 2, ஞாயிறு

இந்த வாரம் வேலை நன்றாக நடந்தது. பட்டையைக் கரியில் பழுக்கக் காய்ச்சிச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டேன். அப்படி ஆறினால்தான் அரம் ஏறும். பிறகு கிரைண்டரில் வடிவம் வெட்டினேன். ஒரு சாண் நீளம், நுனி லேசாக மேல்நோக்கி, தோலுரிக்கும்போது குடலில் குத்தாத மாதிரி. வெட்டும் வாய்ப்பக்கத்தை அரத்தால்தான் சரிக்கிறேன். கிரைண்டர் அவசரக்காரன். அரம் ஒரு தடவைக்கு ஒரு மயிரளவுதான் எடுக்கும். ஒரு பக்கம் நூறு, மறுபக்கம் நூறு என்று எண்ணிக்கொண்டே இழுக்கிறேன். எண்ணும்போது வேறு நினைப்பு வருவதில்லை.

கை நடுக்கம் மத்தியானத்துக்கு மேல் குறைந்துவிடுகிறது. இது எனக்கு இன்றுதான் தெரிந்தது. இதற்கே நன்றி சொல்ல வேண்டும். யாருக்கு என்று தெரியவில்லை, சொல்லி வைக்கிறேன்.


மார்ச் 7, வெள்ளி

கத்தி உடைந்துவிட்டது.

பழுக்கக் காய்ச்சியதை எண்ணெயில் முக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். எண்ணெய் கையில் இல்லை. பொறுக்க முடியவில்லை. வாளித் தண்ணீரில் முக்கினேன். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். வாயிலிருந்து முதுகுவரை ஒரு கீறல், மூன்று வார வேலை போயிற்று. என் புத்தியே அதுதான், எதையும் அந்த நிமிடமே முடித்தாக வேண்டும்.

பட்டறை மூடியதும் நடந்தேன். எங்கே நடந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சம்சு என்கிற மலிவுச் சாராயம் விற்கிற கடை இருக்கும் தெருவுக்குத்தான். கடைக்கு எதிரே, மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் செய்தேன். எங்கே இருக்கிறாய் என்று அவர் கேட்கவில்லை. பின்னால் கேட்ட சத்தத்திலேயே தெரிந்திருக்கும். பன்றிக் கதையைத் தொடங்கினார். ஆண்பன்றி தனியாக வரும், தாய்ப்பன்றி முன்னால் வரும், குட்டிகள் வரிசையாக நடுவில் வரும், காற்று நம் பக்கமிருந்து அடித்தால் ஒன்றுகூட இறங்காது, இப்படியே. பேசிக்கொண்டே என்னை நடக்கச் சொன்னார். நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். பேச்சு முடிந்தபோது நான் என் அறைக்கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மாமா இல்லையென்றால் இந்த வரியை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இதைப் பூச்சு இல்லாமல் எழுதிவிடுகிறேன்.


மார்ச் 9, ஞாயிறு

மனதில் கிடந்த ஒன்றை இன்று கேட்டேவிட்டேன். தீபாவளிக்கு மறுநாள் லீலா போலீசில் புகார் கொடுத்தபோது, அவளை ஸ்டேஷனுக்கு அழைத்துக்கொண்டு போனது நீங்கள்தானா என்று. அவள் கூப்பிடாமல் நான் அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்பது அந்தப் புகாரோடு வந்த ஏற்பாடு. தாய்மாமனே எனக்கு எதிராகக் கூட்டிப் போனாரே என்று இத்தனை நாள் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது. நான் மறைக்கவில்லை, அதுவும் இருந்தது.

மாமா தேநீரைக் கீழே வைத்தார்.

"ஆமா, நான்தான். என் மோட்டார்லதான் போனோம். அக்கா மகன்னு உன்னயே பாத்துக்கிட்டு இருந்தா, என் மகள யாருடா பாக்குறது? அவள ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்துதான் உன்னய இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டும் என் வேலதான்."

இரண்டும் ஒரே காலையில். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் இரண்டில் ஒன்றைத்தான் செய்திருப்பேன். அந்த முள் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குத்தவில்லை.


மார்ச் 15, சனி

இரண்டாவது கத்தி. புது இரும்பு, பழைய அளவு. இந்தத் தடவை ஒரு வாரத்தில் அரவேலை முடிந்தது. கை பழகிவிட்டது.

வாழைப்பழத்தைப் பொரித்து விற்கிற அம்மாவிடம் பழைய எண்ணெய் ஒரு டின் வாங்கி வந்தேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை ஒரு கம்பியில் கட்டிக்கொண்டேன். இரும்பு சரியான சூட்டுக்கு வந்துவிட்டால் காந்தம் அதில் ஒட்டாது. செந்நிறம் கண்ணை ஏமாற்றும், காந்தம் ஏமாற்றாது. ஒட்டாமல் நழுவியதும் இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பத்து வரை எண்ணினேன். பிறகு எண்ணெயில் இறக்கினேன்.

புகையெல்லாம் வாழைப்பழ வாசனை. பட்டறைப் பையன்கள் சாப்பாட்டு நேரமா என்று எட்டிப் பார்த்தார்கள். எடுத்து அரத்தை வைத்து இழுத்தேன். அரம் ஏறாமல் கண்ணாடியில் போவதுபோல் வழுக்கியது. கீறல் இல்லை, வளைவு இல்லை. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். தவுக்கே எழுந்து வந்து என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.


மார்ச் 16, ஞாயிறு

இவ்வளவு கடினமாக இருந்தால் கீழே விழுந்தாலே கத்தி நொறுங்கும். இளஞ்சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்து இளக்க வேண்டும். தவுக்கேயின் மனைவியிடம் கேக் செய்கிற அடுப்பு இருக்கிறது. கேட்கவே கூச்சமாக இருந்தது. அவர் கத்தியை நன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து, கேக்கை வைப்பதுபோலவே உள்ளே வைத்தார். இரண்டு மணி நேரமும் என்னோடு சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தார். வெளியே எடுத்தபோது தேன் நிறம் ஏறியிருந்தது.

மாமா வந்தபோது என் சட்டையெல்லாம் வெண்ணெய் வாசனை. எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தாய் என்று கேட்டார்.


மார்ச் 22, சனி

கைப்பிடிக்குப் பித்தளைக் கம்பி வாங்க பீடோர் இரும்புக்கடைக்குப் போனேன். வீட்டுப் பக்கம் போகவில்லை. கடைவீதியோடு சரி. அங்கே மேரியக்காவைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு அவர்கள். என்னைக் கண்டதும் முகம் இறுகியது. பிறகு அவர்களாகவே கிட்டே வந்து உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறாயா என்றெல்லாம் விசாரித்தார்கள். ஐந்து மாதமாகத் தொடவில்லை அக்கா என்றேன். கர்த்தர் காப்பாற்றட்டும் என்றார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"இப்ப லீலா நிம்மதியா இருக்கு தம்பி. சாயங்காலம் எங்க வீட்டுக்கு அந்தக் கட்டு வர்றதில்ல."

என்ன கட்டு என்றேன். எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் விடவில்லை. சொன்னார்கள்.

மூன்று வருடமாக, தினமும் மாலை ஆறு மணிக்கு, நான் வேலை முடிந்து குடித்துவிட்டு வருவதற்கு முன்னால், வீட்டில் இருக்கிற கத்தி, அரிவாள்மனை, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் லீலா பழைய பேப்பரில் சுற்றி மேரியக்கா வீட்டில் கொடுத்துவிடுவாளாம். காலையில் நான் போன பிறகு வந்து வாங்கிக்கொள்வாளாம். சில நாள் யஷ்வினி கொண்டுவருவாளாம். தீபாவளியன்று மேரியக்கா ஈப்போவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது.

மூன்று வருடம். இரவுச் சாப்பாட்டுக்கு ஏன் எப்போதும் மத்தியானம் வெட்டிய காய், ஏன் பழத்தை உரித்தே தருகிறாள் என்று நான் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. ஒரு நாள் நடந்துவிட்டது, ஒரே ஒரு நாள், என்றுதான் இல்லத்தில்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பித்தளைக் கம்பி வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.


மார்ச் 23, ஞாயிறு

மாமா வந்தார். காய்ச்சல் என்று சொல்லி முகத்தைக் காட்டாமல் படுத்துக்கொண்டேன்.


மார்ச் 27, வியாழன்

ஒரு வாரமாகக் கத்தியைத் தொடவில்லை. இன்று தவுக்கே இழுப்பறையைத் திறந்து, முடிக்கவில்லையா என்று எடுத்துக் காட்டினார். துருப்பிடிக்காமல் இருக்கப் பேப்பரில் சுற்றி வைத்திருந்தேன். அந்தப் பேப்பர்க் கட்டைப் பார்த்ததும் வெளியே போய்விட்டேன்.

என்ன திமிர் எனக்கு. ஒரு வீட்டில் மூன்று வருடம் கத்தி ஒளிந்து கிடந்ததே என்னால், அந்த வீட்டுக்குப் பரிசாகக் கத்தி கொண்டுபோகப் பார்த்தேன். அதுவும் நல்ல கூராக.


மார்ச் 30, ஞாயிறு

நாளை நோன்புப் பெருநாள். பட்டறையில் யாரும் இல்லை. மாமா வந்து உட்கார்ந்த உடனே கேட்டுவிட்டார்.

"கத்தி என்னாச்சு?"

நான் விழித்தேன். நான் இரும்பைத் தொட்ட அன்றே தவுக்கே அவருக்குப் போன் செய்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று கேட்டுவிட்டாராம். முன்பக்கத்தில் வைத்துச் செய்யட்டும், பூட்டிப் பூட்டிக் கொடு என்று சொன்னது மாமாதானாம். அந்தப் பட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதும் அவருக்கு எல்லாம் தெரியும். நான்தான் பெரிய ரகசியக்காரன் மாதிரி ஓடி ஒளிந்திருக்கிறேன்.

மேரியக்கா சொன்னதைச் சொன்னேன். அதுவும் அவருக்குத் தெரிந்ததுதான், ஆனால் தீபாவளிக்குப் பிறகுதான் தெரியுமாம். பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு என் மகள் இப்படிக் குடித்தனம் நடத்துகிறாள் என்று தெரியாமல், நான் பன்றி வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்றார். தன் வீட்டை விட்டு மகள் வீட்டுக்கே வந்துவிட்டது அதனால்தான் என்றார்.

பிறகு நான், அந்தக் கத்தியை உடைத்துக் குவியலில் போட்டுவிடுகிறேன் மாமா என்றேன்.

"எதுக்கு? குட்டையில வீசுனேனே, அது கோவம். கத்தி என்னா பண்ணுச்சு, தப்பு புடிச்சவன் கையில இருந்துச்சு. ஆரம்பிச்சத முடி. ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் தனியா வந்து வாங்கிட்டுப் போக மாட்டேன். லீலாவக் கேட்டுட்டுத்தான் வருவேன். அவ வரலன்னா நானும் வரல."

சரி என்றேன். இதுவரை நான் இந்த நோட்டில் கத்தி குட்டையில் விழுந்துவிட்டது என்றுதான் எழுதியிருக்கிறேன். விழவில்லை. மாமா வீசினார். ஏன் வீசினார் என்பதை இன்னும் எழுதவில்லை. எழுதுவேன்.


ஏப்ரல் 5, சனி

கைப்பிடிக்கு, கழித்துப் போட்ட லோரியின் தரைப்பலகையில் ஒரு துண்டு. செங்கால் என்கிற காட்டு வைர மரம். முப்பது வருடம் மழையிலும் பாரத்திலும் கிடந்தும் உள்ளே சிவப்பாக, புதிதாக இருக்கிறது. மாமாவின் பட்டி அச்சைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேய்க்கிறேன். சுண்டுவிரல் பள்ளத்துக்கு மட்டும் இரண்டு மாலைநேரம். பித்தளை ஆணி மூன்று, அதே லோரியில் கழற்றியவை.

முன்பு அவர் வாங்கிக்கொள்ள வேண்டுமே என்று செய்தேன். இப்போது ஒழுங்காகச் செய்ய வேண்டுமே என்று செய்கிறேன். வீட்டுக்கு வழி என்ற கணக்கெல்லாம் இப்போது இல்லை. முழுக்க இல்லை என்று சொன்னால் பொய்.


ஏப்ரல் 11, வெள்ளி

உறை தைத்தாயிற்று. கல்லில் தீட்டி முடித்தேன். முழங்கை முடியை வழிக்கிறது. மாமாவுக்குப் போன் செய்து முடிந்தது என்று மட்டும் சொன்னேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார்.


ஏப்ரல் 13, ஞாயிறு

காலை பத்து மணிக்கு லீலாவின் கார் வந்து நின்றது. மாமா இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்து லீலாவும் இறங்கினாள். யஷ்வினி வரவில்லை. ஐந்தரை மாதத்துக்குப் பிறகு லீலாவைப் பார்க்கிறேன். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவ்வளவுதான். தவுக்கே கணக்குப் பார்க்கிற சாக்கில் தன் மேசையிலேயே உட்கார்ந்திருந்தார். நல்லதுதான்.

கத்தியை யாரும் கைக்குக் கை கொடுக்க மாட்டோம். கொடுத்தால் உறவு பகையாகும் என்று கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அதனால் உறையோடு வேலைமேசையில் வைத்துவிட்டு, உங்களுக்குத்தான் மாமா என்று சொல்லி விலகி நின்றேன். மாமா குனிந்து நன்றாகப் பார்த்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எடுக்கவில்லை.

லீலாதான் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்பாவோட பழைய கத்தி எங்க?"

ஈயக்குட்டையில் என்றேன்.

"யாரு போட்டது?"

மாமா என்றேன்.

"ஏன்?"

வெளியே சாலையில் ஒரு மரலோரி போனது. அது போகும்வரை காத்திருந்தேன். அவர்களும் காத்திருந்தார்கள். பிறகு சொன்னேன். சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

தீபாவளியன்று மாலை நான் குடித்திருந்தேன். இன்னும் குடிக்கப் போக வேண்டும் என்று மோட்டார்ச் சாவியைக் கேட்டேன். லீலா ஒளித்து வைத்திருந்தாள், கொடுக்கவில்லை. மாமா இறைச்சி வெட்டிவிட்டுக் கழுவி வைத்திருந்த வேட்டைக் கத்தியை எடுத்து லீலாவின் கழுத்தில் வைத்தேன். யஷ்வினி அறை வாசலில் நின்று பார்த்தாள். மாமா வந்து என் கையை முறுக்கிக் கத்தியைப் பிடுங்கினார். லீலாவின் கழுத்தில் ஒரு கோடு ரத்தம் இருந்தது. அதைச் செய்தது நான். குடி செய்ததென்று இத்தனை நாள் சொன்னேன். நான் செய்தேன்.

சொல்லி முடித்ததும் மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். லீலா கையைக் காட்டி நிறுத்தினாள். அது இப்போது வேண்டாம் என்றாள்.

பிறகு மேசையிலிருந்து கத்தியை எடுத்தாள். உறையைக் கழற்றினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் இருக்கும். அவள் என்னை எதுவும் செய்யப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் முதுகு சில்லிட்டது, மூச்சு மேலேயே நின்றது. அவள் ஒரு நிமிடம்தான் வைத்திருந்தாள். திருப்பிப் பார்த்தாள், கூரில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிடமே எனக்கு அப்படி இருந்தது. அவள் மூன்று வருடம் அப்படி இருந்திருக்கிறாள். இதை நான் புத்தியால் யோசித்து எழுதவில்லை, உடம்பிலேயே தெரிந்தது.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். உறையில் போட்டு அவள் அப்பா முன்னால் வைத்தாள். "எடுத்துக்குங்கப்பா."

மாமா எடுத்தார். கைப்பிடியில் விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்தன. இடுப்பு வாரில் சொருகிக்கொண்டு ஒரு தடவை தட்டிப் பார்த்தார். என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார், நாலு வயதில் கிள்ளுவது மாதிரி. நாற்பத்து மூன்று வயதுத் தடியன் நான். பட்டறை நடுவில் நின்று அழுதேன். தவுக்கே கணக்கு நோட்டைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் ஏறுமுன் லீலா திரும்பினாள். நாளைக்கு வருடப் பிறப்பு, மதியம் சாப்பிட வரலாம், ஆனால் அது யஷ்வினி சொல்ல வேண்டியது என்றாள். அவள் சரி என்றால் அவளே போன் செய்வாள், செய்யவில்லையென்றால் நீங்கள் கேட்டு யாருக்கும் போன் செய்யக் கூடாது என்றாள். வந்தால் மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். புகார் அப்படியே இருக்கும், நான் அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை என்றும் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.


ஏப்ரல் 14, திங்கள். சித்திரை முதல் நாள்

தவுக்கே அரை நாள் விடுப்பு கொடுத்திருக்கிறார். குளித்து, சட்டையைத் தேய்த்து வைத்தேன். போனை மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். எட்டு மணி, ஒன்பது மணி. யஷ்வினி கூப்பிடாமல் போனாலும் அவள்மேல் எனக்குக் கோபம் வரக் கூடாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். வரவில்லை. என் கோபத்துக்கு நானே பயப்படுகிறவன், அது வரவில்லை.

பத்தேமுக்காலுக்குப் போன் அடித்தது. யஷ்வினி. வணக்கம் சொல்லவில்லை, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. பதினாலு வயதுக் குரல், கொஞ்சம் மாறியிருக்கிறது. நேராகக் கேட்டாள்.

"மூணு மணிக்குப் போயிடுவீங்களா?"

"போயிடுவேம்மா."

அந்தப் பக்கம் சமையலறையில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது.

"அப்ப வாங்க" என்றாள்.